வேலை நடக்குது

அவரை நாங்கள் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மூன்று வயதுப் பிள்ளைகள் "மிஸ்" என்றார்கள். அதைக் கேட்டுக் கேட்டு, பேரன் பேத்தி எடுத்த எங்கள் முதலாளியும் "மிஸ்" என்றார். டீக்கடைக்காரர், ஷேர் ஆட்டோக்காரர், தெருப் பெருக்கும் அம்மா எல்லோருக்கும் அவர் மிஸ்தான். இப்போது ஓசூர் பக்கம் இருக்கிறார் என்று கேள்வி. அங்கேயும் யாராவது ஒருவர் சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் வாசலில் நின்றுகொண்டிருப்பார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுப்புடவைக் கடையில் நான் சேல்ஸ்மேன். கடை கீழே. மாடியில் ஒரு பெரிய கூடம், அதற்குப் பக்கவாட்டில் தனிப் படிக்கட்டு. அந்தக் கூடத்தை முதலாளியிடம் வாடகைக்கு எடுத்து மிஸ் ஒரு மாண்டிசோரி பள்ளி நடத்தினார். வேலை செய்கிற இடத்துக்கு மேலேயே பள்ளிக்கூடம், போக வர ஆட்டோ தேவையில்லை என்ற ஒரே காரணத்துக்காக என் மகளை அங்கே சேர்த்தேன். கல்விக் கொள்கை எல்லாம் எனக்குத் தெரியாது.

சேர்த்த பிறகுதான் பார்த்தேன். பெஞ்சு கிடையாது, சிலேட்டு கிடையாது, கோரஸாகப் பாட்டுக் கத்துவது கிடையாது. சுவரோரம் தாழ்வான அலமாரிகள், அவற்றில் வரிசையாகத் தட்டுகள். ஒரு தட்டில் புளியங்கொட்டையும் இடுக்கியும், ஒரு தட்டில் இரண்டு குட்டி ஜக்கும் தண்ணீரும். பிள்ளை ஒரு சின்னப் பாயை விரிக்கும், தனக்குப் பிடித்த தட்டைக் கொண்டுவந்து அதில் வைக்கும், உட்காரும். கொட்டையை இடுக்கியால் ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்துக்கு மாற்றும். அப்புறம் திரும்ப மாற்றும். இதற்குப் பெயர் வேலை. முடிந்ததும் தட்டை எடுத்த இடத்திலேயே வைத்துப் பாயைச் சுருட்ட வேண்டும். அதுவரை அந்தப் பாயை யாரும் மிதிக்கக் கூடாது, பிள்ளையைக் கூப்பிடக் கூடாது, பாராட்டவும் கூடாது. முதல் நாள் நான் வாய் தவறி "சபாஷ்டா கண்ணு" என்று சொல்லிவிட்டேன். மிஸ் ஒரு விரலை உயர்த்தினார். "வேலை நடக்குது சார்" என்றார், காதோடு ரகசியம் பேசுகிற குரலில். அவருக்கு அந்த ஒரு குரல்தான்.

பிள்ளைகளோடு இது நின்றிருந்தால் நல்ல டீச்சர் என்று சொல்லிவிட்டு நான் என் வேலையைப் பார்த்திருப்பேன். மிஸ்ஸுக்கு உலகத்தில் நடப்பதெல்லாமே வேலைதான். வெளிர் நிறப் பருத்திப் புடவையும் தோளில் துணிப்பையுமாக அவர் தெருவில் வந்துகொண்டிருப்பார். வழியில் ஒரு நாய் உட்கார்ந்து காதைச் சொறியும். அது சொறிந்து முடிக்கும்வரை நின்று, அப்புறம்தான் தாண்டிப் போவார். ஷேர் ஆட்டோ டிரைவர் போனில் பெண்டாட்டியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தால் ஏறமாட்டார். சண்டை ஒரு முடிவுக்கு வரட்டும் என்று வெயிலில் நிற்பார். ஒருமுறை சந்தில் எறும்புச் சாரை போய்க்கொண்டிருந்தது. அதைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டார். அன்று முழுக்கத் தெருப் பெருக்கும் அம்மா அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வரை பெருக்கி, சுற்றிப் போய் அந்தப் பக்கத்திலிருந்து பெருக்கினார். "ஏம்மா, எறும்புதானே?" என்று கேட்டேன். "மிஸ்ஸு கோடு போட்டுக்கிதே பா, நான் இன்னா பண்றது?" என்றார்.

என் விஷயத்தில் நடந்ததைச் சொன்னால் இன்னும் விளங்கும். ஒரு நாள் கடை வாசலில் நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். மிஸ் மாடியிலிருந்து இறங்கி வந்து என் எதிரே நின்றார். நான் சிரித்தேன், அவரும் சிரித்தார். சூடு அதிகம், மெதுவாக ஊதி ஊதிக் குடித்தேன். கடைசிச் சொட்டைக் குடித்து கிளாஸை வைத்ததும் சொன்னார், "சார், பாப்பாவுக்கு நல்ல ஜுரம்."

"ஐயோ மிஸ், உடனே சொல்லக் கூடாதா?"

"நீங்க டீ குடிச்சிட்டு இருந்தீங்களே" என்றார்.

எனக்கு வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அந்த முகத்தைப் பார்த்துத் திட்டவும் முடியாது. என் டீக்கு அவ்வளவு மரியாதையை அதுவரை யாரும் கொடுத்ததில்லை.

பங்குனி பிறந்ததும் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் மிஸ் ஒரு செய்தி போட்டார். வசந்தம் வந்துவிட்டது, குழந்தைகளின் இயற்கை வேலைகளுக்காக வீட்டருகே உதிர்ந்து கிடப்பவற்றைக் கொடுத்தனுப்பவும், எதையும் பறிக்க வேண்டாம் என்று. குழுவில் ஒரே கலவரம். ஊருக்கு வசந்தம் வந்த சங்கதி எங்களில் ஒருவருக்கும் தெரியாது. எங்களுக்குத் தெரிந்த பருவங்கள் முகூர்த்தம், ஆடித் தள்ளுபடி, தீபாவளி, ஈ ஓட்டுகிற மார்கழி. கோயிலில் வசந்த உற்சவம் நடப்பது உண்டு. ஆனால் அது வெயில் மண்டையைப் பிளக்கிறபோதுதான் நடக்கும். கத்திரி வெயிலுக்கு மரியாதையான பெயர்தான் வசந்தம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். ஒரு அம்மா குரல் செய்தி அனுப்பினார்: "மிஸ், வசந்தத்துக்கு இன்னா கலர் டிரஸ் போட்டு அனுப்பணும்?"

மிஸ் எங்கோ பயிற்சி எடுத்த காலத்தில் அங்கே கொடுத்த வசந்தகாலப் படங்கள் சில கூடத்துச் சுவரில் இருந்தன. படத்தில் பனி உருகிக்கொண்டிருந்தது. எங்கள் தெருவில் தார் உருகிக்கொண்டிருந்தது. மிஸ் படங்களைக் கழற்றிவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்தார். எதிரே புங்கமரம் பூத்துக் கொட்டிக்கொண்டிருந்தது. "இதுதான் நம்ம வசந்தம்" என்றார். அவ்வளவுதான் பாடம்.

பெற்றோர்கள் கொடுத்தனுப்பியதைப் பார்க்க வேண்டுமே. புங்கம்பூ சாக்குச் சாக்காக வந்தது. இலவம்பஞ்சு கேட்டால் ஒருவர் பழைய தலையணையைப் பிரித்து அனுப்பிவிட்டார். மாகறல் பக்கத்துச் சமணக் குடும்பத்து விவசாயி ஒருவர் உதிர்ந்த வேப்பம்பூவைப் பொறுக்கிக்கொண்டு வந்தார். பூவோடு ஒரு எறும்பும் வந்துவிட்டிருந்தது. அதைத் தீப்பெட்டியில் பத்திரமாக வைத்து, அதே மரத்தடியில் விட்டுவர அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிப் போனார். அவருக்காக மட்டும் மிஸ் எழுந்து நின்று கும்பிட்டதை நான் பார்த்தேன்.

பூவைக் கூட்டிச் சாக்பீஸ் சதுரத்துக்குள் சேர்ப்பது ஒரு வேலை. வேப்பம்பூவில் காம்பு கிள்ளுவது ஒரு வேலை. தொட்டிச் செடியின் இலைகளை ஈரப் பஞ்சால் ஒவ்வொன்றாகத் துடைப்பது ஒரு வேலை. இந்தக் கடைசி வேலை எங்கள் வீட்டுக்குள்ளும் வந்தது. ஒரு ராத்திரி சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து மகள் நகரவே இல்லை. "இன்னான்னு பாருங்க. சாம்பார்ல கெடக்கிற கறிவேப்பிலைய எடுத்துத் தொடச்சிக்கினு இருக்குது உங்க பொண்ணு" என்றாள் என் மனைவி. நான் வாயைத் திறந்தேன். மகள் விரலை உயர்த்தினாள். நாங்கள் இரண்டு பேரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம்.

எங்கள் முதலாளியின் பேத்தி மித்ராவும் அதே வகுப்புதான். அவளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்தப் பிள்ளை கடிக்கும். விளையாட்டுக்கு இல்லை, பல் பதியக் கடிக்கும். தடுப்பூசி போட வந்த டாக்டரைக் கடித்திருக்கிறாள். புடவை எடுக்க வந்த கல்யாணப் பெண்ணைக் கடித்து, அந்தப் பெண் மருதாணிக் கையில் பிளாஸ்திரியோடு மணமேடை ஏறினாள். முதலாளி வீட்டுக்குப் போகிறவர்கள் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போவார்கள். இரண்டு நர்சரிப் பள்ளிகள் அவளைத் திருப்பி அனுப்பிவிட்டன. மிஸ் மட்டும் ஒன்றும் கேட்காமல் அவள் கையில் ஈரப் பஞ்சைக் கொடுத்து ஒரு குரோட்டன்ஸ் செடியின் முன்னால் உட்கார வைத்தார். நாலைந்து வாரத்தில் பிள்ளை கடிப்பதையே விட்டுவிட்டாள். சொந்தக்காரர்கள் வீட்டுக் கல்யாணத்தில் வாசலில் கட்டியிருந்த வாழைமரத்தை அடியிலிருந்து துடைக்க ஆரம்பித்து, முகூர்த்தம் முடிந்தும் அவளை அங்கிருந்து கிளப்ப முடியவில்லையாம். அதை எங்களிடம் சொன்னபோது முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. "யாரையும் கடிக்கலப்பா, யாரோ ஒரு மாமி கன்னத்தக் கிள்ளுது, அப்பக்கூடக் கடிக்கல" என்றார்.

இதையெல்லாம் மீறி முதலாளி மிஸ்ஸைக் காலி பண்ணச் சொன்னார் என்றால் அதற்குக் காரணம் மைனா.

பங்குனியில் வியாபாரம் மந்தம். முதலாளி தன் சம்சாரத்தோடு காசிக்குக் கிளம்பினார். கடைக்கு லீவு விட்டார். மாடியில் பள்ளி நடந்துகொண்டுதான் இருந்தது. கடையின் உருட்டுக் கதவு, அதாவது ஷட்டர், சுருண்டு மேலே போய் அடங்குவதற்கு ஒரு பெட்டி உண்டல்லவா, கதவு மூடியிருக்கும்போது அந்தப் பெட்டி வெறுமையாக இருக்கும். கடை மூடியிருந்த நாட்களில் ஒரு மைனா ஜோடி அதற்குள் கூடு கட்டிவிட்டது. சித்திரை பிறந்து, கடை திறக்கிற நாள் காலையில் சாவியோடு நான் வந்தேன். கடை வாசல் முழுக்கப் பாய். ஒவ்வொரு பாயிலும் ஒரு பிள்ளை, புங்கம்பூவோடு. நடுவில் மிஸ்.

"தள்ளிக்கோங்க மிஸ், ஷட்டரைத் தூக்கணும்."

"வேலை நடக்குது சார்."

"அத மாடில நடத்தக் கூடாதா?"

"இவங்க வேலையைச் சொல்லலை" என்று மேலே கை காட்டினார். மைனா ஒன்று அலகில் வைக்கோலோடு பெட்டிக்குள் போயிற்று. "அவங்க வேலை. முட்டை வச்சிருக்காங்க. கதவு சுருண்டு மேலே போனா நசுங்கிடும்."

அப்போது முதலாளியின் கார் வந்து நின்றது. காசிக் கயிறும் புது வேட்டியுமாக இறங்கியவர், நல்ல நேரம் போகிறதே என்று வேகமாக வந்தார். வாசலில் மித்ராவின் பாய் கிடந்தது. அதைத் தாண்டக் காலைத் தூக்கினார். தூக்கிய கால் அப்படியே நின்றது. பிறகு பின்னால் போயிற்று.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. முதலாளி நெசவுத் தெருவில் பிறந்தவர். அங்கே விடியற்காலையில் தறிக்குப் போக வேண்டிய பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்குக் கட்டி நீட்டியிருப்பார்கள். பாவு என்போம். ஒருவர் வேலை அங்கே நீண்டு கிடக்கிறது. அதை யாரும் தாண்டமாட்டார்கள். அவசரமானாலும், சாவு வீடானாலும், அடுத்த தெரு வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போவார்கள். முதலாளி தறியில் உட்கார்ந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. ஆனாலும் பாயில் பூ வரிசையாகக் கிடந்ததைப் பார்த்ததும் அவர் காலுக்கு அது பாவாகத்தான் தெரிந்திருக்கிறது. "தாண்ட வரலப்பா. காலு தானா நின்னுடுச்சி" என்று பின்னால் என்னிடம் சொன்னார்.

அன்றைக்கு ஒரு சமரசம் ஆயிற்று. ஷட்டரை இடுப்பு உயரத்துக்கு மட்டும் தூக்கினால் சுருள் கூட்டைத் தொடாது என்று மிஸ் சொன்னார். குஞ்சுகள் பறக்கும்வரை அப்படியே கடையை நடத்துவது என்று முடிவானது. நாங்கள் குனிந்து போனோம், குனிந்து வந்தோம். வாடிக்கையாளர்கள் தவழாத குறையாக வந்தார்கள். திருப்பதிப் பக்கமிருந்து வந்த ஒரு குடும்பத்தில் மாப்பிள்ளையின் அத்தை, "ஏமய்யா, இது இன்னா வழக்கம்?" என்று தெலுங்கும் தமிழுமாகக் கேட்டார். என் நாக்கு சேல்ஸ்மேன் நாக்கு. "கல்யாணப் பட்டுக்குக் குனிஞ்சுதாம்மா வரணும். அது ஐதீகம்" என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு மறுபடி வெளியே போய், சரியாகக் குனிந்து உள்ளே வந்தார். செய்தி பரவியது. அந்த வாரக் கடைசியில் எங்களுக்கு நாலு கடை தள்ளி இருந்தவரும் தன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார். அவர் கடையில் மைனா எதுவும் கிடையாது.

எல்லாம் நன்றாகத்தான் போயிற்று, அந்த வேலூர்ச் சம்பந்தி வரும்வரை. பெரிய இடத்துக் கல்யாணம், வேன் நிறைய ஆட்கள். மாப்பிள்ளையின் அப்பாவான அந்தச் சம்பந்திக்கு உடம்பும் பெரிது, இடுப்பிலும் பிடிப்பு. ஷட்டரைப் பார்த்தார். "எங்க பரம்பரையில எவனும் குனிஞ்சதில்ல. கதவத் தூக்குய்யா" என்றார். முதலாளி என்னைப் பார்த்தார். நான் ஷட்டர் பக்கம் போனேன். அங்கே மித்ரா பாய் விரித்துக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள், அவள் தலைக்கு மேலே குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன, படிக்கட்டில் மிஸ் விரலை உயர்த்தியபடி நின்றார். முதலாளி அந்தப் பாயைத் தாண்டவும் இல்லை, என்னைத் தாண்டச் சொல்லவும் இல்லை. சம்பந்தி எதிர்க் கடைக்குப் போனார். வேனும் பின்னால் போயிற்று. அந்தக் கடைக்காரர் எங்களைப் பார்த்துக் கும்பிடு போட்டார் பாருங்கள், அதுதான் முதலாளியால் தாங்க முடியவில்லை.

படிக்கட்டுக்குக் கீழே நின்று கத்தினார். "மிஸ்! நான் பட்டு விக்கிறனா, மைனா வளக்கிறனா? வைகாசி பொறந்ததும் எடத்தக் காலி பண்ணுங்க. இதுல பேச்சே கெடயாது." மிஸ் அவர் கத்தி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் காத்திருந்தார். முடிந்ததும், "சரிங்க சார்" என்றார். முதலாளிக்கு இன்னும் கோபம் வந்தது. கெஞ்சுவார், சண்டையாவது போடுவார் என்று எதிர்பார்த்திருக்கிறார் பாவம்.

குஞ்சுகள் பறந்தன. ஷட்டர் முழுசாக மேலே போயிற்று. மிஸ் ஊருக்கு வெளியே ஐயம்பேட்டையில் ஒரு ஓட்டு வீட்டைப் பிடித்துவிட்டார் என்று தெரிந்தது. கடையை விட்டுவிட்டுத் தினம் அவ்வளவு தூரம் கொண்டுவிட என்னால் முடியாது. மகளை இனி எங்கே சேர்ப்பது? அவள் காலையில் எழுந்து தானே பல் துலக்கி, தானே செருப்பை வரிசையாக வைக்கிற பிள்ளையாகியிருந்தாள். வேறு பள்ளியில் போட்டால் மூன்றே நாளில் ஏ ஃபார் ஆப்பிள் என்று கத்த ஆரம்பித்துவிடுவாள். முதலாளியிடம் பேசலாமா என்றால், அவர் சோற்றைத் தின்கிறவன் நான். இரண்டு தடவை தொண்டையைச் செருமிப் பார்த்தேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

காலி பண்ணுகிற நாளும் வந்தது. சின்ன யானை என்று நாங்கள் சொல்லும் மினி லாரி வாசலில் நின்றது. காலை பத்து மணிக்கு முதலாளி வலது கையில் கட்டோடு வந்தார். மோதிர விரலுக்குக் கீழே பிளாஸ்திரி, அதைச் சுற்றித் துணி.

"இன்னா முதலாளி, கை?"

"இட்லி ஊட்டப் போனேன். 'ஸ்கூல் போறியா கண்ணு, இன்னியோட இங்க கடைசி'ன்னேன். புடிச்சிட்டாப்பா. எலும்பு வரைக்கும்." உட்காராமல் கல்லாப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ரெண்டு ஸ்கூல்ல திருப்பி அனுப்புன கொழந்தய அந்தம்மா ஒரு நாளும் அனுப்பல. நாந்தான் அனுப்புறேன். வா, மேல போலாம். காலி பண்ண வேணாம்னு சொல்லிட்டு வந்துர்றேன்."

எனக்குச் சந்தோஷத்தில் படியெல்லாம் இரண்டிரண்டாக ஏறத் தோன்றியது. முதலாளி முன்னால் போகிறாரே என்று அடக்கிக்கொண்டேன்.

கூடத்தின் வாசலில் பாய். மித்ரா உட்கார்ந்து ஜக்கிலிருந்து ஜக்குக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். சொட்டுக்கூடச் சிந்தவில்லை. உள்ளே என் மகளும் மற்றவர்களும் அவரவர் பாயில். சுமைக்காரர்கள் இரண்டு பேர் பாய்களுக்கு இடையே பூனை நடை நடந்து அலமாரிகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர்களையும் மிஸ் பழக்கிவிட்டார்.

முதலாளி நெஞ்சை நிமிர்த்தினார். "மிஸ், நான் இன்னா சொல்ல வந்தேன்னா..."

விரல் உயர்ந்தது. "வேலை நடக்குது சார்."

முதலாளி வாயை மூடிக்கொண்டார். நான், "மிஸ், ஒரே ஒரு வார்த்தை..." என்றேன். விரல் என் பக்கம் திரும்பியது. இருவரும் வாசலுக்கு வெளியே நின்றோம். ஜக் காலியாயிற்று, நிறைந்தது, காலியாயிற்று. இன்னொரு அலமாரி எங்களைத் தாண்டிப் படியிறங்கியது. முதலாளி பதறிப்போய்ச் சுமைக்காரர்களிடம் கையை ஆட்டினார், வேண்டாம், வேண்டாம் என்று. வீட்டுக்காரர் சீக்கிரம் எடு என்று விரட்டுகிறார் போலிருக்கிறது என்று அவர்கள் ஓட ஆரம்பித்தார்கள். முதலாளி இன்னும் வேகமாகக் கையை ஆட்டினார். அவர்கள் இன்னும் வேகமாக ஓடினார்கள்.

கீழேயிருந்து போன். முகூர்த்தப் பட்டு எடுக்க மூன்று குடும்பம் ஒன்றாக வந்து இறங்கியிருக்கிறது. எங்களால் வேறென்ன செய்ய முடியும்? போனோம். நான் புடவை விரித்துப் போட்டுக்கொண்டே காதை மாடியில் வைத்திருந்தேன். வியாபாரம் முடிந்து நாங்கள் மறுபடி மேலே ஓடியபோது கூடம் துடைத்துவிட்டது போல் இருந்தது. சுமைக்காரர்களில் ஒருவன் கயிறு எடுக்கத் திரும்பி வந்தவன் சொன்னான், "அந்தப் பாப்பா ஊத்தி முடிச்சி, தட்ட எடுத்த எடத்துல வைக்கணும்னுச்சி சார். அலமாரி வண்டில இருந்துச்சி. தூக்கி விட்டோம், ஏறி வச்சிட்டு வந்துச்சி. அதப் பாத்து எல்லாப் புள்ளைங்களும் ஏறி ஏறி வச்சிதுங்க. அப்பறம் வண்டி கெளம்பிடுச்சி." பிள்ளைகள் கீழே முதலாளி வீட்டு ஆயாவோடு வரிசையாக உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

முதலாளி அந்த வெறும் கூடத்தில் நின்று போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சாயங்காலம்தான் மிஸ் எடுத்தார். முதலாளி ஒரே மூச்சில் சொல்லிவிட்டார், திரும்பி வந்துடுங்க, மைனா கட்டட்டும், காக்கா கட்டட்டும், நான் கேக்கமாட்டேன் என்று. ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன்.

"ரொம்ப சந்தோஷம் சார்" என்றது அந்த ரகசியக் குரல். "ஆனா இங்க பக்கத்து வீட்டுக் குழந்தைங்க ரெண்டு பேர் வந்து பாய் விரிச்சுட்டாங்க. வேலை ஆரம்பிச்சுடுச்சு."

மறுநாளிலிருந்து என் மகளையும் மித்ராவையும் ஷேர் ஆட்டோவில் ஐயம்பேட்டைக்குக் கொண்டுவிட்டு வருவது என் பொறுப்பாயிற்று. கடைக்குத் தாமதமாக வந்தால் முதலாளி ஒன்றும் சொல்வதில்லை. ஒரு வாரம் போனதும் அவரே, "இன்னிக்கி நானும் வர்றேன். நேர்ல கேட்டா மாட்டேன்னு சொல்லாது" என்று ஆட்டோவில் ஏறிக்கொண்டார். பட்டு வேட்டி, நெற்றியில் பட்டையாக விபூதி. வழி முழுக்க என்ன பேச வேண்டும் என்று எனக்கு ஒப்பித்துக் காட்டினார். முதலில் மன்னிப்பு, அப்புறம் வாடகை வேண்டாம் என்பது, அப்புறம் பேத்தி. நன்றாகத்தான் இருந்தது, கேட்க எனக்கே அழுகை வந்தது.

ஓட்டு வீட்டு வாசலில் செருப்பை விட்டார். உள்ளே பாய்கள். மிஸ் எங்களைப் பார்த்துச் சிரித்து, விரலை உயர்த்தினார். முதலாளி தலையை ஆட்டிவிட்டுச் சுவரோரமாக நின்றார். கொஞ்ச நேரம் நின்றவருக்குக் கால் வலித்திருக்கும். மிஸ் அவரிடம் ஒரு சுருட்டிய பாயையும், வேப்பம்பூ நிறைந்த ஒரு தட்டையும் கொண்டுவந்து கொடுத்தார். முதலாளி அதை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அவர் மெதுவாக உட்கார்ந்து, பாயை விரித்து, கட்டுப் போட்ட கையால் காம்பு கிள்ள ஆரம்பித்தார். எனக்குக் கடை இருந்தது, வந்துவிட்டேன்.

மதியம் பிள்ளைகளைக் கூப்பிடப் போனபோது மற்ற பாய்களெல்லாம் சுருட்டியாகிவிட்டது. முதலாளி மட்டும் குனிந்து உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் இரண்டு பேரும் அவர் பாய்க்கு வெளியே நின்று சத்தம் போடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் அவர்களோடு நின்றேன்.

திரும்பி வருகிற ஆட்டோவில் மித்ரா அவர் மடியில் தூங்கிப்போனாள். முதலாளி விரல்களை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துகொண்டிருந்தார்.

"கேட்டீங்களா முதலாளி?"

"எங்கப்பா கேக்கிறது? பாதிதான் ஆச்சி." வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார். "மீதிய அப்படியே பாயோட விட்டுட்டுப் போங்க சார், உங்க வேலைய இங்க யாரும் எடுக்கமாட்டாங்கன்னு சொல்லுச்சி. நாளைக்கி வரணும்."